கவுன்ட்டருக்கு உள்ளே நின்றவர்

அக்கா மகன் கல்யாணம் ஃபோர்ட் லாடர்டேலில் நடந்தது. "மாமா, நீங்க வந்தா மட்டும் போதும். அப்படியே கேமராவையும் எடுத்துட்டு வந்துடுங்க" என்று மாப்பிள்ளைப் பையன் போனில் சொன்னபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாய்மாமன் முறைக்குப் பட்டம் கட்ட மேடையேறினேன். கட்டிய கையோடு இறங்கி வந்து மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். அதில் நான் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் எடுத்தது பெண் வீட்டுச் சிறுமி ஒருத்தி. என் தலை பாதிதான் வந்திருக்கிறது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திரும்பும் டிக்கெட் வியாழக்கிழமைக்கு. எல்லாரும் டிஸ்னி வேர்ல்டுக்கு வேன் பிடித்தார்கள், நான் மயாமிக்கு ரயில் பிடித்தேன். அங்கே ஒரு பழைய மோட்டலில் சாப்பாட்டுக் கவுன்ட்டர் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அமெரிக்கா வந்து ஓட்டல் பாக்கப் போறியாடா?" என்றாள் அக்கா.

அந்தக் கவுன்ட்டர் எனக்கு அறிமுகமானது ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், சைதாப்பேட்டை ஸ்டூடியோவின் இருட்டறைக் கதவில், ஏதோ ஒரு பழைய பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கத்தை ஒட்டி வைத்திருந்தார். கோட்டும் போ டையுமாக ஓர் இளைஞன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் சிரிக்கும் கூட்டம். கவுன்ட்டருக்கு உள்ளே, பரிமாறுகிறவர்கள் நிற்கும் பக்கத்தில், கண்ணாடி போட்ட உயரமான ஒருவர் உடம்பைச் சாய்த்துக் கேமராவில் அவனைப் பிடிக்கப் பார்க்கிறார். உட்கார்ந்திருப்பவன் காசியஸ் கிளே, அதாவது இரண்டு வாரத்துக்குள் முகமது அலி ஆகப்போகிறவன். கேமரா வைத்திருப்பவர் மால்கம் எக்ஸ். இருவரையும் சேர்த்து எடுத்தவர் 'லைஃப்' பத்திரிகையின் பாப் கோமெல். தேதி 1964 பிப்ரவரி 25, இரவு.

எல்லாரும் அந்தப் படத்தில் அலியைப் பார்ப்பார்கள். கேமராக்காரனுக்கு முதலில் கண்ணில் படுவது கேமரா பிடித்த கைதான். மேடையில் ஏறினால் ஒரு நாட்டையே நடுங்கவைத்த பேச்சாளர் என்று கேள்விப்பட்டிருந்த மனிதர், இங்கே கல்யாண வீட்டுச் சித்தப்பா மாதிரி, நல்ல கோணம் தேடிக் கவுன்ட்டருக்குள் புகுந்திருக்கிறார். யார் இவரை உள்ளே விட்டது என்பதுதான் அன்று என் மனதில் எழுந்த கேள்வி.

முதல் நாள் மயாமி பீச்சுக்குப் போனேன். கடலும் வெயிலும் நம் ஊர்ப் பக்கம் போலத்தான், கட்டடங்கள்தான் ஐஸ்கிரீம் நிறத்தில் இருக்கின்றன. படம் எடுத்த அன்று கிளேயும் சன்னி லிஸ்டனும் மோதிய குத்துச்சண்டை நடந்தது இங்கேயிருந்த கன்வென்ஷன் ஹாலில். சன்னி லிஸ்டன் அப்போது உலக ஹெவிவெயிட் சாம்பியன், சிறைக்குப் போய் வந்தவர், எதிரியை முதல் ரவுண்டிலேயே படுக்கவைக்கிறவர். கிளேக்கு 22 வயது. பந்தயக்காரர்கள் ஏழுக்கு ஒன்று என்று லிஸ்டன் பக்கம் கட்டினார்கள். கருத்துக் கேட்கப்பட்ட 46 விளையாட்டு நிருபர்களில் 43 பேர் லிஸ்டன்தான் என்றார்கள். முடிவு தெரிந்த சண்டைக்கு யார் காசு கொடுத்து வருவார்கள்? அரங்கில் பாதி இருக்கை காலி. ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை. அவ்வளவுதான். நிருபர்கள் அன்றிரவு தலைப்பை மாற்றி எழுத எத்தனை அவஸ்தைப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

கொஞ்ச தூரத்தில் ஐந்தாம் தெரு. ஏஞ்சலோ டண்டி கிளேக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் இங்கே ஒரு மாடியில் இருந்தது. 1993இல் இடித்துவிட்டார்கள். சண்டைக்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 18 அன்று, ஹாரி பென்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் நான்கு நீளமுடிப் பையன்களை இந்த ஜிம்முக்கு அழைத்து வந்தார். பீட்டில்ஸ். அவர் முதலில் கேட்டது லிஸ்டனைத்தான். இந்தப் பையன்களோடெல்லாம் நிற்க முடியாது என்று லிஸ்டன் மறுத்துவிட்டதால் கிளேயிடம் வந்தார். கிளே ஒருவனைக் குத்த நால்வரும் வரிசையாகச் சாய்கிற அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பீட்டில்ஸுக்குப் பென்சன் மேல் கோபம். கிளே தங்களை வைத்துக் கூத்தடித்துவிட்டான் என்று அவர்களுக்கு எரிச்சல். நல்ல படத்துக்காகத் திட்டு வாங்குவது எங்கள் தொழிலில் புதிதல்ல.

சாயங்காலம் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்பும்போதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. மயாமி பீச் ஒரு தீவு. மெயின்லேண்டுக்கும் அதற்கும் நடுவில் விரிகுடா, மேலே நீளமான பாலங்கள். அந்தக் காலத்தில் கறுப்பர்கள் தீவுக்கு வேலைக்கு வரலாம், தங்க முடியாது. ஓட்டல் மேடையில் நாட் கிங் கோல் பாடுவார், கைதட்டல் ஓய்ந்ததும் பாலத்தைக் கடந்து கறுப்பர்கள் பேட்டையான ஓவர்டவுனுக்குப் போய்த்தான் படுப்பார். கிளே பயிற்சிக்காக இதே பாலத்தில் ஓடியே ஜிம்முக்குப் போவான். ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்தி, ஜிம்முக்குப் போன் போட்டு, இந்தப் பையன் உங்கள் ஆளா என்று கேட்டாராம். தீவில் உலக சாம்பியனாகி நின்றவனுக்குக் கொண்டாட்டம் வைக்கத் தீவில் இடமில்லை. அதனால்தான் அவன் ஒரு மோட்டல் சாப்பாட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறான். இருட்டறைக் கதவில் அந்தப் படத்தைப் பார்த்த வருஷங்களில் எனக்கு இது உறைக்கவே இல்லை. எளிமையான பையன் போலிருக்கிறது, ஸ்டார் ஓட்டலுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓவர்டவுனில் இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தேன். தலைக்கு மேல் ஐ-95 நெடுஞ்சாலை உறுமிக்கொண்டே இருக்கிறது. அறுபதுகளில் அதை இந்தப் பேட்டையின் நடுவாக்கில் போட்டு, ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். இங்கேதான் சர் ஜான் என்று ஓர் ஓட்டல் இருந்தது. 1961இல் அதன் நீச்சல்குளத்தில் ஃபிளிப் ஷுல்கி என்ற புகைப்படக்காரர் கிளேயைத் தண்ணீருக்கடியில் நின்று குத்துவிடுவது போல எடுத்த படம் 'லைஃப்'பில் வந்தது. ஷுல்கி தண்ணீருக்கடியில் படமெடுப்பவர் என்று தெரிந்ததும், நான் பயிற்சி செய்வதே தண்ணீருக்கடியில்தான் என்று கிளே ஒரு போடு போட்டான். ஷுல்கியும் நம்பினார், பத்திரிகையும் நம்பியது. உண்மையில் பையனுக்கு நீச்சலே தெரியாது. 19 வயதில், பெரிய பத்திரிகைக்குள் நுழைய எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதே நாட்களில் ஷுல்கியோடு ஒரு துணிக்கடைக்குப் போனபோது, கறுப்பர் சட்டையைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று கடைக்காரர்கள் தடுத்தார்கள். ஷுல்கிதான் சண்டைக்குப் போனார். விட்டுவிடுங்கள் என்று அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது கிளே.

மறுநாள் காலை மெட்ரோரயிலில் பிரவுன்ஸ்வில் ஸ்டேஷன். இறங்கி 27ஆவது அவென்யூவில் தெற்கே நடந்தால் ஒரு கிலோமீட்டர். பத்து மணிக்கே சித்திரை வெயில். டயர் கடை, சர்ச், மறுபடி டயர் கடை. நடந்து போகிறவன் நான் ஒருவன்தான், கடந்து போகிற கார்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. 4240ஆம் எண்ணில் ஹாம்ப்டன் ஹவுஸ்.

இரண்டு மாடிக் கட்டடம், நேர்க்கோடுகளும் வெளி வராந்தாவுமாக ஐம்பது அறுபதுகளின் ஜோர். ஐம்பதுகளில் கட்டியது, பிறகு ஒரு யூதத் தம்பதி புதுப்பித்து இந்தப் பெயர் வைத்தார்கள். தீவில் இடம் கிடைக்காத கறுப்பினப் பாடகர்களும் ஆட்டக்காரர்களும் தலைவர்களும் இங்கே வந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் தங்கினார். பிறகு சட்டம் மாறியது, எந்த ஓட்டலிலும் யாரும் தங்கலாம் என்று ஆனது. இந்த இடத்துக்கு ஆள் வரத்து நின்றுபோய், 1976இல் மூடினார்கள். கூரை விழுந்து, மரம் முளைத்து, இடிக்கப்போகிறார்கள் என்ற நிலையில் ஈனிட் பிங்க்னி என்ற ஓய்வுபெற்ற கல்வியாளர் மல்லுக்கட்டிக் காப்பாற்றினார். 2015இல் மறுபடி திறந்தது.

சுற்றிக்காட்ட வந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "பாக்ஸிங் பிடிக்குமா?" என்று கேட்டார். எனக்கு போட்டோ பிடிக்கும் என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, அறைகளையெல்லாம் பிறகு பார்க்கலாம், வா என்று நேரே கவுன்ட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன இடம். கவுன்ட்டருக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஆள் நடமாடுகிற அகலம்தான். அங்கே நின்று கண்ணுக்கு நேரே கையைக் கேமரா மாதிரி வைத்துப் பார்த்தேன். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் இந்தச் சந்தில் நின்று, எதிரே உட்கார்ந்தவனின் முகமும் தோளும் பின்னால் நிற்பவர்களும் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் சாய்ந்துதான் ஆக வேண்டும். படத்தில் மால்கம் எக்ஸ் ஏன் அப்படி வளைந்து நிற்கிறார் என்று முப்பது வருஷம் கழித்து என் முதுகுக்குப் புரிந்தது. பின்னால் போக இடமில்லை, அவ்வளவுதான் ரகசியம்! கல்யாண மண்டபத்து மணமகள் அறையில் நானும் இப்படித்தான் வளைவேன்.

அன்றிரவு கிளே இங்கே பெரிய கிண்ணம் நிறைய வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டான். மது கிடையாது. பாடகர் சாம் குக் இருந்தார், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுன் இருந்தார். அந்த நால்வரும் அறைக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்து பின்னாளில் நாடகம் வந்தது, 2020இல் 'ஒன் நைட் இன் மயாமி' என்று படமும் வந்தது. எனக்கு அறைக்குள் நடந்ததில் அவ்வளவு ஆர்வமில்லை. கவுன்ட்டரில் நடந்ததே போதும்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம், சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் விருந்து. நடுநாயகமாக ஒரு கிரிக்கெட் வீரர். பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை. ஒரு வாரப் பத்திரிகைக்காக நான் போயிருந்தேன். முதல் ரோல் முடிந்து ஓரமாக நின்று கேமராவைத் திறக்கப்போனபோது அவரே பக்கத்தில் வந்து, "சாப்பிட்டீங்களா?" என்றார். விருந்தில் போட்டோகிராபரிடம் யாரும் கேட்காத கேள்வி. இல்லை சார், அப்புறம் என்று மழுப்பினேன். அவர் போய்க் காகித நாப்கினில் ஒரு கட்லெட்டை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்திலேயே நின்றார். சாப்பிடாமல் இருக்க முடியுமா? சாப்பிட்டேன். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் தான் ஓட்டப்பந்தயத்தில்தான் பரிசு வாங்கியதாகச் சொன்னார்.

பிறகு புது ரோல் போட்டேன். விரலில் கட்லெட் எண்ணெய். ஃபிலிமின் நாக்கை எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருக வேண்டும், பற்களில் ஓட்டைகள் உட்கார வேண்டும். உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. அவர் கேக் வெட்டியது, சின்னப் பையனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது, மனைவியோடு சிரித்தது எல்லாவற்றையும் எடுத்தேன். 36 தாண்டியது. 37, 38. சில சமயம் ஒன்றிரண்டு கூட வரும் என்று சந்தோஷப்பட்டேன். 41 காட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. லீவரைத் தள்ளும்போது இடதுபக்கத்து ரீவைண்ட் குமிழ் சேர்ந்து சுற்ற வேண்டும், அதைப் பார் என்று குரு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். பார்த்தேன். சுற்றவில்லை. அவ்வளவு நேரமும் ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்டூடியோவில் விஷயத்தைச் சொன்னபோது குரு திட்டவில்லை. "பந்தியில உட்கார்ந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கொள்கை அது. படமெடுக்கிறவன் பந்தியில் உட்காரக் கூடாது. கை நனைத்தால் கண் போச்சு என்பார். அப்படியானால் கதவில் ஒட்டியிருக்கிற ஆள் யார், பந்திக்காரனா படக்காரனா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். மால்கம் எக்ஸ் அன்று பத்திரிகைக்காக எடுக்கவில்லை. ஒரு மாதம் முன்னால் கிளேயின் அழைப்பில் மனைவி மக்களோடு மயாமி வந்து தங்கியவர் அவர். தம்பி ஜெயித்துவிட்டான், அண்ணன் படம் எடுக்கிறார், அவ்வளவுதான். கோமெல் அந்த உறவுக்கு வெளியே நின்றார். இருவருடைய விரலும் ஒரே நேரத்தில் பட்டனில். உலகம் பார்த்துக்கொண்டிருப்பது வெளியே நின்றவர் எடுத்ததை. எனக்கு என்னவோ, கவுன்ட்டருக்கு உள்ளே நின்றவருடைய இடம்தான் வேண்டும் என்று தோன்றியது. கல்யாணத்தில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடமும் அதுதானே.

சுற்றிக்காட்டிய அம்மாள் ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பன்னிரண்டு நாள்" என்றார்.

எனக்குப் புரிந்தது. மால்கம் எக்ஸ் அப்போதே தன் இயக்கமான நேஷன் ஆஃப் இஸ்லாமால் பேசக் கூடாது என்று தடை செய்யப்பட்டிருந்தவர். சண்டைக்கு மறுநாள் கிளே தன் மத நம்பிக்கையை வெளியே சொன்னான். மார்ச் 6 அன்று இயக்கத் தலைவர் எலைஜா முகமது அவனுக்கு முகமது அலி என்று பெயர் சூட்டினார். மார்ச் 8 அன்று மால்கம் எக்ஸ் இயக்கத்தை விட்டு விலகினார். படம் எடுத்த இரவிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் நாள். அலி தலைவர் பக்கம் நின்றார். அதே ஆண்டு மே மாதம் கானா நாட்டின் அக்ராவில் ஓர் ஓட்டல் வாசலில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். மால்கம் கூப்பிட்டார், அலி முகம் கொடுக்கவில்லை. 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கவுன்ட்டர் இரவு நடந்து ஒரு வருஷம் ஆக நான்கு நாள் பாக்கி. சாம் குக் அதற்கு முன்பே, டிசம்பரில், சுடப்பட்டு இறந்திருந்தார். மால்கமைத் தள்ளிவிட்டது தன் வாழ்க்கையில் மிகவும் வருந்துகிற தவறுகளில் ஒன்று என்று அலி வயதான பிறகு எழுதினார்.

குருவின் கொள்கையைப் பொய்யாக்கிய இன்னொருவரும் உண்டு. ஹோவர்ட் பிங்ஹாம், 1962இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்னப் பத்திரிகையின் கேமராக்காரர். கிளேயின் செய்தியாளர் கூட்டத்தைப் படமெடுத்துவிட்டுப் போனவர், பிறகு தெருமுனையில் கிளேயும் தம்பியும் நிற்பதைப் பார்த்து, வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சவாரி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. கூடவே சாப்பிட்டார், கூடவே பயணம் செய்தார், லட்சக்கணக்கில் படம் எடுத்தார். 2016 ஜூனில் அலி போனார், டிசம்பரில் பிங்ஹாம் போனார். அவருடைய விரலில் எண்ணெய் ஒட்டியதில்லை போலும்.

கிளம்பும்முன் அம்மாள் என் கேமராவை வாங்கி, நான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பதை ஒன்று எடுத்துக் கொடுத்தார். தலை முழுசாக வந்திருக்கிறது. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஓட்டல்ல என்னடா சாப்பிட்ட?" என்று பதில் வந்தது.

ரயிலில் திரும்பும்போது குருவின் நினைவு விடவில்லை. அவர் அந்தப் பக்கத்தைக் கதவில் ஒட்டி வைத்ததற்குக் காரணம் இருந்தது. 1980 ஜனவரியில் அலி மெட்ராஸுக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி, முதல்வர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். குத்துச்சண்டையை உயிராக நினைக்கும் வடசென்னை திரண்டு வந்திருந்தது. கூட்டத்தில் குருவும் ஒருவர். கையில் கேமரா, மூன்று ரோல். ரிங்குக்குப் பக்கத்தில் போக முடிந்ததா, அலி அவரைப் பார்த்தாரா என்றெல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி சொல்வார், ஆனால் மூன்று ரோல் என்பது மட்டும் மாறாது.

அந்த நெகடிவ்களை நான் பார்த்தேன், 2015 டிசம்பரில். அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைக்குள் புகுந்து வடிந்த நாலாம் நாள், ஸ்டூடியோவைக் கழுவிவிடப் போனேன். டிரங்குப் பெட்டிக்குள் சேறு. கவர் மேல் '80 அலி' என்று பேனாவில் எழுதியது கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. உள்ளே ஃபிலிம் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டிருந்தன. ஜெலட்டின் நீரில் ஊறிக் காய்ந்தால் பசைதான். ஓரத்தைப் பிடித்து மெல்லப் பிரித்தேன், படம் ஒரு பக்கம் உரிந்து வந்தது, பிளாஸ்டிக் வெறுமையாக மறுபக்கம் நின்றது. உரிந்த துணுக்கில் ஒரு கையுறையும் கயிறும் தெரிந்தன. குரு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அவரும் இல்லை.

அன்று நேரு ஸ்டேடியத்தில் ஃபிளாஷ் அடித்தவர் அவர் ஒருவர் மட்டும் இருந்திருக்க முடியாது. உங்கள் அப்பாவோ மாமாவோ அங்கே இருந்திருக்கலாம். பரணில் பழைய நெகடிவ் கவர் இருந்தால் இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், பழைய ஃபிலிம் பார்க்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். ஒட்டாமல் இருந்தால் அடுத்த மழைக்குமுன் ஸ்கேன் செய்துவிடுங்கள்.